நந்தியாவட்டையின் வாக்குமூலம்

“ஐயோ, இந்த மனுசன் திங்காரு! யாராவது வந்து பாருங்களேன்! நாம அந்தப் பக்கம் திரும்புனா போதும், தின்னுருதாரு!”

விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் பகவதியின் குரல் வேப்பங்குளம் காலனியின் கடைசித் தெரு வரைக்கும் கேட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடு வந்தார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் புள்ளியோடு நிறுத்திவிட்டு வந்தார்கள். காலனி சங்கத் தலைவர் சிவசைலம் முதல் ஆளாக வந்து நின்றார். ஊரார் வீட்டுச் சுவருக்கு வெளியே தலைநீட்டும் பூவெல்லாம் சாமிக்குச் சொந்தம் என்ற கொள்கை உடையவர் என்பதால், விடியற்காலையில் அவர் எப்போதும் ஏதாவது ஒரு சுவரோரம்தான் இருப்பார். பூக்கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வந்தவர்கள் கண்ட காட்சி இது. தோட்டத்து மூலையில் நந்தியாவட்டைச் செடி. பாதிக் கிளைகளில் இலையே இல்லை, காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் நாலு காலில் பகவதியின் புருஷன் குத்தாலிங்கம். வாயில் வேப்பங்குச்சி, மோவாயில் பச்சை எச்சில். எந்தக் கோர்ட்டிலும் இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

அந்த நேரம் பார்த்து அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு பகவதி வந்தாள். கையில் காப்பி டம்ளர். வாய் மூடியிருந்தது. ஆனால் அவள் குரல் செடியிலிருந்து இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

கூட்டம் அவளைப் பார்த்தது. செடியைப் பார்த்தது. மறுபடியும் அவளைப் பார்த்தது.

“என்னவே இது?” என்றார் சிவசைலம்.

குத்தாலிங்கம் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். செடியின் தண்டில் விரல் நகம் அளவுக்கு ஒட்டியிருந்த பச்சைப் பட்டையைக் காட்டினான். “கடிபட்டா செடி ஒரு வாசம் விடும் அண்ணாச்சி. நம்ம மூக்குக்குத் தெரியாது. வண்டு கடிச்சா ஒரு வாசம், புழு கடிச்சா ஒரு வாசம். ஒவ்வொண்ணு எச்சிலும் வேற வேறல்லா? இந்தப் பட்டை அத மோந்து பாத்து, யாரு திங்கான்னு வாய் விட்டுச் சொல்லிரும்.”

“அதான் சொல்லுதே! நீருதான் திங்கீருன்னு!”

“அதுல ஒரு சின்னக் கோளாறு.”

“அப்ப நீரு இலை திங்கலையா?”

‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குத்தாலிங்கத்தின் வாய் அப்படிப்பட்ட வாய் இல்லை. நாலு பேர் கூடிவிட்டால் அதற்குத் தானாக ஒரு பாட்டரி போட்டதுபோல ஆகிவிடும்.

“என்ன செய்ய அண்ணாச்சி? வீட்ல இட்லி லேட்டு. பசி பொறுக்கல.”

காலனி சிரித்தது. பகவதி சிரிக்கவில்லை. காப்பி டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள்.

“என் குரல எடுக்கதுக்கு என்கிட்ட கேட்டியளா?”

“கேட்டா குடுத்திருக்க மாட்டியே!”

இதற்கும் சிரிப்பு விழுந்தது. குத்தாலிங்கம் சிரிப்பு வந்த பக்கம் திரும்பி நின்றதால், பகவதி வீட்டுக்குள் போனதைப் பார்க்கவில்லை. மதியம் அவள் கையில் பையோடு வெளியே வந்தபோதுதான் பார்த்தான். அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுக்கு என்றாள்.

“ஏளா, எப்ப வருவ?”

“பாப்போம்.”

அவ்வளவுதான் பதில். பஸ் ஏறிவிட்டாள்.

*

குத்தாலிங்கத்தின் தொழில் பொருள்களுக்குக் குரல் பொருத்துவது. அந்தக் காலத்தில் எல்லாப் பொருளும் பேசிக்கொண்டிருந்தது. லிஃப்ட் பேசியது, பிரிட்ஜ் பேசியது, குப்பைத்தொட்டி நம்மைக் கண்டால் இருமிவிட்டுப் பேசியது. எந்த லிஃப்ட்டுக்கு எந்தக் குரல் பொருந்தும் என்று பார்த்துப் பொருத்துவதில் அவன் கெட்டிக்காரன்.

ஆனால் எந்தப் பொருளும் எதையும் நேராகச் சொல்லாது. முன்பொரு நாள் பேசும் குடை ஒன்று ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு “இன்று மழை இல்லை” என்று சொல்லிவிட்டது. பந்தியில் ரசத்தைவிட மழைத்தண்ணீர் அதிகம் ஓடியது. மந்திரி கோர்ட்டுக்குப் போனார். சொல்பொறுப்புச் சட்டம் வந்தது. பொருள் பேசிய பேச்சுக்கு, அதைச் செய்தவர்களே பொறுப்பு. அன்றையிலிருந்து எல்லாப் பொருளும் ஜாக்கிரதையாகிவிட்டது. “இது மூன்றாம் மாடி என்று கருதப்படுகிறது” என்றது லிஃப்ட். “பால் கெட்டிருக்கலாம், கெடாமலும் இருக்கலாம், முடிவு தங்களுடையது” என்றது பிரிட்ஜ்.

கேட்டுக் கேட்டு மனிதர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டாயா என்று கேட்டால் “சாப்பிட்ட மாதிரிதான்” என்றார்கள். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்றால் “பிடிக்க வாய்ப்பிருக்கு” என்றது பெண்.

பட்டையும் கம்பெனியிலிருந்து வந்தபோது அப்படித்தான் பேசியது. “தங்கள் செடியை ஏதோ ஒன்று மென்றுகொண்டிருக்கக்கூடும்.” இதைக் கேட்பதற்குப் புழுவிடமே போய்க் கேட்கலாம் என்று குத்தாலிங்கத்துக்குத் தோன்றியது. அவனுக்குத் தெரிந்து ‘இருக்கலாம்’ என்ற சொல்லே வராத குரல் ஒன்றுதான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து பகவதி போனில் அனுப்பிய குரல்செய்தி ஒன்றைக்கூட அவன் அழித்ததில்லை. ஏன் என்று கேட்டால் போனில் இடம் நிறைய இருக்கிறது என்பான். அத்தனையையும் பட்டைக்கு ஊட்டினான்.

பட்டை குரலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. விஷயத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. முறுக்கு டின் காலி, சுண்டல் காலி, சாமிக்கு வைத்த வெல்லம் காலி, எல்லாம் இந்த மனுசன். இத்தனை செய்திகளைக் கேட்ட பட்டைக்கு உலகம் மிகச் சுலபமாகிவிட்டது. எது காணாமல் போனாலும், தின்றது ஒரே ஆள்.

*

காலனி அதோடு விடவில்லை. நேராகப் பேசும் பொருள் ஒன்று வந்துவிட்டது என்பதுதான் எல்லாருக்கும் பெரிய செய்தி. “வே, எனக்கும் ஒண்ணு” என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாதவன் எல்லார் வீட்டுக் குரலையும் பொருத்திக் கொடுத்தான்.

விளைவு, காலையில் எழுந்தால் காலனி முழுக்கச் செடிகள் குற்றம் சாட்டின. ஒரு வீட்டில் அரளி மருமகளைத் திட்டியது. எதிர்வீட்டு இட்லிப்பூச் செடி, வேலைக்காக மஸ்கட் போயிருந்த மகனைத் திட்டியது. அவன் அங்கேயிருந்து போன் போட்டு, “அம்மா, நான் எப்படிம்மா திம்பேன்?” என்று அழுதான். சிவசைலம் வீட்டுச் செம்பருத்திக்கு அவர் மாமியார் குரல். யார் எங்கே பூப் பறித்தாலும் அது “களவாணிப் பய வந்துட்டான்” என்றது. தன் வீட்டுப் பூவை அவரே பறித்தபோதும் அதையே சொன்னது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சிவசைலம் வந்தார்.

“சங்கத்துல பேசி முடிவு பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை மருந்து ட்ரோன் வருது. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே அடி. பூச்சி இருந்தாதான கடிக்கும்? கடிச்சாதான பேசும்?”

“பட்டையப் பிச்சிப் போட்டா போதுமே அண்ணாச்சி.”

“என் மாமியார நான் பிச்சிப் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்வே? மருந்துன்னா பொதுக் காரியம்.”

“எங்க வீட்ல வேண்டாமே. பகவதி வரட்டும். அவ செடி.”

“அவுக எப்ப வாராவ?”

“வர வாய்ப்பிருக்கு.”

சிவசைலம் அவனை ஒரு பார்வை பார்த்தார். “உம்ம தோட்டத்துல என்ன பூச்சி, அத என்ன செய்யப் போறீருன்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லும். சொல்லிட்டீருன்னா விடுதேன். இல்லன்னா அடிச்சிருவோம்.”

போகிற போக்கில் சுவரோரம் இருந்த இரண்டு செம்பருத்தியைப் பறித்தார். காற்றில் வந்த வாசத்தை மோந்து, “இந்த மனுசன் திங்காரு!” என்றது மூலையிலிருந்த நந்தியாவட்டை.

“இது பரவாயில்ல,” என்றார் சிவசைலம். “என் வீட்ல இன்னும் மோசம்.”

*

பகவதியின் செடிகளை அவள் இல்லாத நேரத்தில் மருந்தடித்து நாசமாக்கினால் அவள் அம்பாசமுத்திரத்திலேயே ரேஷன் கார்டு வாங்கிவிடுவாள் என்று குத்தாலிங்கத்துக்குத் தெரியும். முதலில் கம்பெனிக்குப் போன் போட்டான்.

“இலையைக் கடித்தது வண்டாக இருக்கலாம்,” என்றது கம்பெனிக் குரல். “வெட்டுக்கிளியாகவும் இருக்கலாம். ஆடாக இருப்பதற்கான சாத்தியத்தை நாங்கள் மறுப்பதற்கில்லை.”

“வீட்ல ஆடு கிடையாதும்மா.”

“இல்லை என்று தாங்கள் கருதுகிறீர்கள்.”

போனை வைத்தான். அந்தப் பெண் குரலை அவனே போன வருஷம் பொருத்தியது. யாரை நொந்துகொள்ள?

செடியிடம் கேட்டான். “ஏளா, யாருதான் திங்கா? உண்மையச் சொல்லு.”

“தெரியாத மாதிரி கேக்காரு பாரு!” என்றது நந்தியாவட்டை.

கடைசியில் பகவதிக்கே போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல, என் பொண்டாட்டி மண்ணுல வேர் விட்டு நிக்கா. தண்ணி ஊத்துனா வளருவாளான்னு...”

போன் கட்டாகிவிட்டது.

குத்தாலிங்கம் போனையே பார்த்துக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்தான். அந்த ஜோக் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேட்க ஆள்தான் இல்லை. ஜோக்கைத் திரும்ப ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். அவ்வளவு நன்றாகவும் இல்லை.

மறுபடியும் போட்டான். “வச்சிராத. ஞாயித்துக்கிழமை சிவசைலம் மருந்து அடிக்கப் போறாரு. உன் செடிய என்ன திங்குதுன்னு எனக்குத் தெரியல. நீ சொல்லித் தரணும்.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“மொதல்ல செம்பருத்திகிட்ட போங்க,” என்றாள். “இலைய ஓரத்துல கடிச்சிருக்கா, நடுவுல ஓட்டை போட்டிருக்கா?”

குத்தாலிங்கம் இத்தனை வருஷத்தில் முதன்முறையாக ஒரு செம்பருத்தி இலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“ஓரத்துல. சீப்புப் பல்லு மாதிரி கடி கடியா.”

“கூன்வண்டு. சாம்பல் நிறம். காலைல வெயில் ஏறதுக்கு மின்ன ஒரு பழைய வேட்டிய அடியில விரிச்சு, கிளைய ஒரு உலுக்கு உலுக்குங்க. செத்தவன் மாதிரி பொத்துனு விழும், நம்பாதீங்க. சோப்புத் தண்ணில போட்டுருங்க. தொடர்ந்து செய்யணும், ஒரு நாள் செஞ்சிட்டு மறுநாள் தூங்கிரக் கூடாது.”

“சரி.”

‘சரி’க்குப் பின்னால் ஒன்றும் வராததால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “லைன்ல இருக்கியளா?”

“இருக்கேன். ரோஜால என்னமோ காசு வச்சு வரைஞ்ச மாதிரி அரைவட்டமா வெட்டியிருக்கு. இவ்வளவு ஒழுங்கா வெட்டணும்னா கண்டிப்பா டெய்லர்தான்...” நாக்கைக் கடித்துக்கொண்டான். “அரைவட்டமா இருக்கு.”

“இலைவெட்டித் தேனீ. அது திங்காது. கூட்டுக்குள்ள சுருட்டி வைக்கதுக்குக் கொண்டு போவுது. அத விட்டுருங்க. நாலு இலை போனா ரோஜா செத்துராது. செவ்வந்தித் தொட்டிப் பக்கம் பளபளன்னு கோடு போட்டிருக்கா?”

“ஆமா. வெள்ளிச் சரிகை மாதிரி.”

“நத்தை. சாயங்காலம் ஈரச் சாக்கு ஒண்ணு போட்டு வைங்க. காலைல அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், பொறுக்கிருங்க.”

அடுத்தது நந்தியாவட்டை. அவன் பக்கத்தில் போனதும், எங்கோ ஓர் இலையில் வாய் விழுந்திருக்க வேண்டும், பட்டை முழங்கியது. “ஐயோ, இந்த மனுசன் திங்காரு! எத்தன தடவ சொன்னாலும் காதுலயே வாங்க மாட்டேங்காரு!”

போனில் பகவதிக்கும் அது கேட்டது.

“என் குரல் அவ்வளவு கரகரப்பாவா இருக்கு?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றான். இது ஜோக் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் இன்னொரு தடவை சொன்னான். “நல்லாருக்கு, பகவதி.”

“அன்னைக்குக் காலைல அது கத்துனதும் என்ன செஞ்சிய?”

“ஓடியாந்து கீழ குனிஞ்சு, என்ன சொல்லுதுன்னு...”

“மண்டி போட்டுக் கேட்டிய. நானும் அடுக்களை சன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இத்தன வருசம் அதே குரல்ல நான் சொல்லிருக்கேன். செம்பருத்தில வண்டு இருக்குன்னு சொன்னேன். ஒரு நாள் எங்கூட வந்து தோட்டத்தப் பாருங்கன்னு சொன்னேன். நான் நாலு வார்த்த பேசுனா மொத வார்த்தையிலேயே ஒரு ஜோக்கச் சொல்லிட்டுப் போயிருவிய. செடி சொன்னா மட்டும் மண்டி போடுதிய.”

குத்தாலிங்கத்தின் வாயில் உடனே ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக். அதை வேப்பங்குச்சிச் சக்கைபோல ஓரமாகத் துப்பினான்.

“உண்மைதான்,” என்றான். “உன் குரல உன்கிட்ட கேக்காம எடுத்ததும் தப்பு. இந்தா, பட்டைய எடுத்துருதேன்.”

தண்டிலிருந்து பட்டையை உரித்தான். அது “இந்த மனு...” என்று பாதியில் நின்றது. தோட்டம் அமைதியானது. அந்த அமைதியில்தான் கேட்டது. நறுக், நறுக், நறுக். யாரோ மிகச் சின்ன வாயால் அப்பளம் தின்பதுபோல.

“பகவதி, இதுல என்னமோ இருக்கு. சத்தம் கேக்கு.”

“மொதல்ல கீழ பாருங்க. எச்சம் கிடக்கா?”

“கிடக்கு. நல்லமிளகு மாதிரி. பெருசு பெருசா.”

“அதுக்கு நேர மேல பாருங்க. இலைக்கு அடியில.”

பார்த்தான். இலைதான் இருந்தது. பிறகு ஓர் இலை மூச்சு விட்டது. அவன் கட்டைவிரலைவிடத் தடிமனான பச்சைப் புழு, உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. முன்னால் இரண்டு பெரிய நீலக் கண்கள் அவனை முறைத்தன.

“எம்மா!” என்று பின்னால் சரிந்தான்.

“அது கண்ணு இல்ல, வெறும் புள்ளிதான். குருவிய மிரட்டதுக்கு. உங்களயும் மிரட்டிட்டு போலருக்கு.” அவள் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “அத ஒண்ணும் செஞ்சிராதீங்க. அந்தச் செடி அதுக்குத்தான் வச்சேன்.”

“எதுக்கு?”

“அந்தப் புழுவுக்கு. ஒவ்வொரு வருசமும் வரும். செடிய மொட்டையாக்கும், செடி திரும்பத் துளிர்க்கும். புழு அந்துப்பூச்சியாவும். பச்சையும் ரோஸுமா, பட்டுத் துணியில வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் பூவுக்கு வரும். நாம குடிவந்ததுலருந்து வருது. வேற யாரு தோட்டத்துலயும் இப்ப கிடையாது. எல்லாரும் மருந்தடிச்சுட்டாக.”

ஒவ்வொரு வருஷமும் இந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றுதான் அவன் காலைக் காப்பி குடித்திருக்கிறான். பட்டைக்கும், கம்பெனிக்கும், காலனிக்கும் இது பூச்சி. பகவதிக்கு இது விருந்தாளி. பட்டை போட்ட கூச்சலில் இந்த விருந்தாளியின் தலைக்கே மருந்து வரவிருந்தது.

“சிவசைலத்துக்கு என்ன சொல்ல?” என்றான்.

“இருக்கதச் சொல்லுங்க. வண்டு இருக்கு, உலுக்குவேன். நத்தை இருக்கு, பொறுக்குவேன். தேனீ இருக்கு, விட்டுருவேன். புழு இருக்கு, வளக்கேன். அப்படியே அந்தச் செம்பருத்தி காலைல காணாமப் போறது எந்தப் பூச்சின்னு எனக்குத் தெரியும்னும் சொல்லுங்க. மருந்து பேச்ச விட்டுருவாரு.”

குத்தாலிங்கம் சிரித்தான். வெகுகாலத்துக்குப் பிறகு வேறு ஒருவர் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தான்.

“புழு என்ன நிறத்துல இருக்கு?” என்றாள் பகவதி திடீரென்று.

“பச்சை.” இன்னும் பக்கத்தில் போய், இந்தத் தடவை நிஜமாகவே மண்டி போட்டுப் பார்த்தான். “இல்ல. முதுகெல்லாம் பழுப்பாயிக்கிட்டு வருது. வாடுன இலை மாதிரி. உடம்பு சரியில்லையோ?”

“ஐயோ, அது இறங்கப் போவுது. இன்னைக்கோ நாளைக்கோ செடிய விட்டு இறங்கிச் சருகுக்குள்ள போயிரும். அங்கனதான் கூடு கட்டும். சருகப் பெருக்கிராதீங்க, கேட்டியளா? கோழி வராம பாத்துக்கிடுங்க.” பின்னால் யாரிடமோ, “அக்கா, அந்தப் பைய எடு” என்ற சத்தம் கேட்டது. “நான் அடுத்த பஸ்ல வாரேன்.”

குத்தாலிங்கம் எழுந்து நின்றான். நெஞ்சுக்குள் ஏதோ நறுக் நறுக்கென்றது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தான். சுற்றிவளைத்துக் கேட்க ஒரு வழி இருந்தது, சிரிக்க வைத்துக் கேட்க இன்னொரு வழி இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டான்.

“பகவதி, ஒண்ணு கேக்கேன். நேராச் சொல்லணும். நீ வாரது எனக்காகவா, புழுவுக்காகவா?”

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“புழுவுக்காக,” என்றாள். “அது நாளைக்குப் போயிரும். நீங்க எங்க போயிரப் போறிய?”